கைநடுக்கத்தோடு பூப்படம் எடுப்பது எப்படி?

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது அவசரத்தில் விட்டுப்போன சில கணக்குகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



"சார், வாட்ஸ்அப் குழுவில் தினமும் பூப்படம் போடுகிறீர்களே, அதை எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒரு பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். 34 வருடம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியவன் நான். நடுவில் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் இத்தனை பேரை ஒன்றாகப் பார்ப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் இருபது நிமிடமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் நீங்கள் காத்திருக்காத காத்திருப்பா!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போட்டோகிராபர் இல்லை. பி.காம். படித்துவிட்டு கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது ஒரு பழைய கேமரா, மகன் வாங்கிக் கொடுத்த 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்று, உங்கள் எல்லோரிடமும் இருப்பது போல ஒரு செல்போன். இவற்றோடு நடுங்குகிற வலது கை ஒன்றும் இருக்கிறது.

இந்த நடுக்கத்தைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. கூட்டத்தில் காபி டம்ளரை நான் ஏன் இரண்டு கையாலும் பிடிக்கிறேன் என்று கவனித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ காசோலைகளை "கையெழுத்து மாறுபடுகிறது" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, பணம் எடுக்கும் சீட்டில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்த பெண், "அங்கிள், இன்னொரு தடவை போடுங்களேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான்கு தடவை போட்டேன். நான்கும் நான்கு பேர் போட்டது போல இருந்தது.

டாக்டரிடம் போனேன். பெரிய வியாதி எதுவும் இல்லை, வயதோடு சிலருக்கு வருவது, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கலாம் என்றார். கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்காது. எதையாவது பிடித்து வேலை செய்யும்போதுதான் நடுங்கும். பேனா, டம்ளர், ஸ்பூன், கேமரா எல்லாம் இதில் அடக்கம்.

அந்தச் சமயத்தில்தான் மகன் லென்ஸை அனுப்பினான். அப்பா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார் என்று அவன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். கிழக்குச் சுவர் ஓரத் தோட்டத்துக்குப் போய் முதல் நாள் 60 படம் எடுத்தேன். அறுபதும் மங்கல். சிவப்பாக ஏதோ இருக்கிறது என்று தெரியும், செம்பருத்தி என்று சொன்னால்தான் தெரியும். முக்காலி வாங்கலாம் என்றால், அந்த இடுக்கில் தொட்டிகளுக்கு நடுவே முக்காலியின் மூன்று காலுக்கும் இடம் கிடையாது. தரையோடு பூத்திருக்கும் பூவுக்கு அது வளையவும் வளையாது. லென்ஸைப் பெட்டியில் வைத்து பீரோவில் வைத்துவிட்டேன்.

அதை வெளியே எடுக்க வைத்தது நம் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா. உங்களுக்கெல்லாம் தெரியும், அவர் முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே சொந்தத்தில் ஒருவருக்குத் தீக்காயம் ஆன பிறகு அந்த வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். ஒரு நாள், "என்ன அண்ணாச்சி, படம் புடிக்கிறதை விட்டுட்டீங்க?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மருந்து வேலைல சேர்ந்த அன்னைக்கு எனக்கும் இப்பிடித்தான் நடுங்கிச்சு, பயத்துல. கையைத் தனியா தொங்க விடாதீங்க. முழங்கையை விலாவுல ஒட்டிக்கோங்க. மூச்சை விட்டுட்டு அப்புறம் கையை வைங்க. வெடுக்குன்னு எதையும் இழுக்கக் கூடாது. அப்புறம் ஏழு மணிக்கு மேல காத்து எந்திரிச்சிரும், அதுக்கு முன்னாடி வாங்க" என்றார்.

கேமராவைக் கையில் பிடித்துப் படம் எடுப்பது பற்றி நான் பிறகு படித்ததெல்லாம் இந்த நாலு வாக்கியத்துக்கு விளக்கவுரைதான். மருந்தில் ஓர் உரசல் போதும், உயிர் போய்விடும். அந்த வேலையில் கற்றுக்கொண்ட நிதானத்தை அவர் எனக்குப் பூ எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

இனி கணக்குக்கு வருகிறேன். கிளார்க் புத்தி, கணக்கு இல்லாமல் எதுவும் ஏறாது.

பத்தடி தள்ளி நிற்கும் ஆளைப் படம் எடுக்கும்போது கை அரை மில்லிமீட்டர் அசைந்தால் ஒன்றும் தெரியாது. பூவை மிக நெருங்கி, அதன் உருவம் சென்சாரின் மேல் அசல் அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, அந்த அரை மில்லிமீட்டரும் அப்படியே படத்தில் பதிவாகும். என் கையைப் போன்ற நடுக்கம் பொதுவாக வினாடிக்கு 4 முதல் 12 தடவை வரை அடிக்கும். 8 தடவை என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து இந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர், அந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர் ஆடுகிறது. அப்படியானால் நடுவே கடக்கும்போது கையின் வேகம் வினாடிக்குச் சுமார் 25 மில்லிமீட்டர். ஷட்டர் 1/100 வினாடி திறந்திருந்தால் கால் மில்லிமீட்டர் இழுபடும். மகரந்தப்பை ஒன்று காணாமல் போக அது போதும். 1/400 வினாடி வைத்தால் இழுபடுவது 0.06 மில்லிமீட்டர்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். கீழே வரும்போதுதான் அதற்கு வேகம். மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் அப்படியே நிற்கும். நடுங்குகிற கையும் ஊஞ்சல்தான். வினாடிக்கு 8 தடவை ஆடினால் 16 தடவை நின்று திரும்புகிறது. காற்றில் ஆடும் பூவும் அப்படியே. ஆகவே ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு "மங்கிவிட்டதே" என்று வருத்தப்படக் கூடாது. பட்டனை அழுத்திப் பிடித்து ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுங்கள். அதில் ஒன்று கை நின்ற நேரத்தில் விழுந்திருக்கும். இப்போது நான் 60 எடுத்தால் ஏழெட்டு தேறுகிறது. கை அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடுங்குகிறது, ஆனாலும் தேறுகிறது.

"கேமராவிலேயே, போனிலேயே அசைவைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, தூரத்துக் காட்சிக்கு நன்றாகவே வேலை செய்யும். அது பெரும்பாலும் கேமரா சாய்வதையும் திரும்புவதையும் ஈடுகட்டுவதற்காகச் செய்தது. நெருங்கி எடுக்கும்போது கேமரா பக்கவாட்டில் நகர்வதும், முன்னும் பின்னும் நகர்வதுமே பெரிய தொல்லை. முன்பின் அசைவால் ஃபோகஸ் தப்பினால் அந்த வசதி காப்பாற்றாது.

ஏனென்றால் தெளிவாக விழும் ஆழம் அவ்வளவு குறைவு. பெரிய சென்சார் உள்ள கேமராவில், அசல் அளவில், எஃப் 8 துளையில் எடுத்தால் தெளிவு கிடைப்பது சுமார் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான். கொஞ்சம் பின்வாங்கி உருவத்தைப் பாதி அளவாக்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் கிடைக்கும். ஆகவே முதல் பாடம், பேராசைப்பட்டு ஒட்டிப் போகாதீர்கள். பின்வாங்கி எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம், ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, லென்ஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், உடம்பை மெதுவாக முன்னே கொண்டு போங்கள். சாமி முன்னால் தீபாராதனைத் தட்டு நகர்வதைப் போல மெதுவாக. எதிர்பார்த்த இடம் 'பளிச்' என்று தெரியும் கணத்தில் அழுத்துங்கள்.

மூன்றாவது, எது தெளிவாக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். செம்பருத்தியின் நடுத்தண்டு இதழுக்கு வெளியே இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கும். நேர் எதிரே நின்றால் தண்டின் நுனி தெளிவாக இருக்கும் அல்லது இதழ் தெளிவாக இருக்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பக்கவாட்டில் போய் நின்றால் தண்டு முழுவதும் ஒரே தளத்தில் வந்துவிடும். நந்தியாவட்டை தட்டையான பூ. கேமராவை அதற்கு நேர் இணையாகப் பிடித்தால் ஐந்து இதழும் ஒரே நேரத்தில் தெளிவாகும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நந்தியாவட்டையில் கை பழகுங்கள்.

அடுத்தது வரவு செலவு. வேகமாக ஷட்டர் வைத்தால் வெளிச்சம் குறையும். துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் மறுபடியும் குறையும். குறைந்ததை ஐ.எஸ்.ஓ. கூட்டி ஈடுகட்டலாம். அதை ஓவர்டிராஃப்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பணம் உடனே கிடைக்கும், வட்டி படத்தில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும்.

ஒரு பதிவு போட்டுக் காட்டுகிறேன். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/100 வினாடி என்பது ஃபிலிம் காலத்துச் சூத்திரம். அசல் அளவில் எடுக்கும்போது வழக்கமான வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் சென்சாருக்கு வந்து சேரும். எஃப் 8 வைத்தாலும் எஃப் 16 போலத்தான் வெளிச்சம் விழும். ஆக, எஃப் 8, 1/100 சரியாக இருக்கும். என் கைக்கு 1/400 வேண்டும், ஆகவே ஐ.எஸ்.ஓ. 400. அதே பூ நிழலில் இருந்தால் வெளிச்சம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. 3200 ஆகிவிடும். இந்தக் கணக்கை கேமரா தானே போட்டுவிடும், ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்திருந்தால் எதை விட்டுக் கொடுப்பது என்று நாம் முடிவு செய்யலாம். நான் எப்போதும் ஷட்டர் வேகத்தை விட்டுக் கொடுப்பதில்லை. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், இழுபட்ட படத்தைப் பார்க்க முடியாது.

கையை நிறுத்த எனக்கு உதவியவை சாதாரணச் சாமான்கள். கேமராவின் அடியில் முக்காலி மாட்டும் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கிறது. அதற்கேற்ற ஒரு போல்ட்டை மாட்டி, அதில் நல்ல கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் ஆட்டம் பாதி அடங்கும். செலவு இருபது ரூபாய்க்குள். உட்கார்ந்து எடுக்கும்போது துடைப்பக் கம்பு ஒன்றைத் தரையில் ஊன்றி, அதையும் லென்ஸையும் சேர்த்து இடது கையால் பிடித்துக்கொள்வேன். பூவின் காம்பை இடது கை இரண்டு விரலால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வைப்பது இன்னொரு வழி. அப்போது பூவும் கேமராவும் ஒரே கையில் சேர்ந்து ஆடுகின்றன. சேர்ந்து ஆடினால் ஆட்டம் படத்தில் தெரியாது.

வெளிச்சத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. உச்சி வெயிலில் செம்பருத்தியை எடுத்தால் சிவப்பு ஒரு தாளில் மைகொட்டியது போல வரும், இதழின் நரம்பு ஒன்றும் தெரியாது. சிவப்பைப் பதியும் பகுதி நிரம்பி வழிந்துவிடுவதுதான் காரணம். என் மனைவி என் பழைய வேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து வெயிலை மறைப்பாள். நரம்பு வந்துவிடும். டிரேசிங் பேப்பரும் நல்லதே. இருட்டாக இருக்கும் பக்கத்துக்கு, அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாளைக் காட்டினால் வெளிச்சம் திரும்பி விழும். பின்னணிக்குத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் கறுப்பு அடித்து வைத்திருக்கிறேன். சிவகாசிக்காரன் வீட்டில் காலண்டர் அட்டைக்கா பஞ்சம்?

செல்போன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். குழந்தைகள் கவனியுங்கள். போனின் சென்சார் சிறியது, அதனால் ஆழம் எங்களைவிட உங்களுக்கு அதிகம் கிடைக்கும். இது உங்களுக்கு லாபம். மிக நெருங்கினால் போனின் நிழலே பூவின் மேல் விழும், அதனால் இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஓர் அடி தள்ளி எடுங்கள். திரையில் பூவைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். சிவப்புப் பூவுக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், மல்லிகைக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். திரையைத் தட்டுவதற்குப் பதில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தினால் போன் குறைவாக ஆடும். லென்ஸைச் சட்டை நுனியால் ஒரு தரம் துடைத்துவிட்டு எடுங்கள். பாதிப் படங்கள் விரல் எண்ணெயால்தான் மங்குகின்றன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. அரளியும் செங்காந்தளும் விஷம். செங்காந்தள் நம் மாநில மலர், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் 99 மலர்களில் முதலில் வருவது காந்தள்தான். அழகைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள், பறித்து வாயருகே கொண்டு போகாதீர்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு நெருங்கிப் பார்த்ததில் என்ன கண்டேன்?

காகிதப்பூவில் நாம் பூ என்று நினைத்த ஊதா நிறமெல்லாம் பூவே இல்லை, நிறம் மாறிய இலைகள். மூன்று இலைக்கு நடுவே தீக்குச்சி அளவு குழாய்களாக மூன்று வெள்ளைப் பூக்கள் இருக்கின்றன. அதைத்தான் பூ என்று சொல்ல வேண்டும். நம் வாசலில் எத்தனையோ வருடமாக நிற்கும் கொடி, 62 வயதில்தான் எனக்கு அதன் பூ எது என்று தெரிந்தது. செண்டுமல்லியில் ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ. நாம் ஒரு பூ என்று மாலையில் கோப்பது ஒரு கூட்டுக் குடும்பம். செம்பருத்தித் தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். மழை பெய்து ஓய்ந்ததும் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி ஒரு குவிலென்ஸ். அதற்குப் பின்னால் இருக்கும் பூ அதற்குள் தலைகீழாகத் தெரியும். மஞ்சள் பூவில் மஞ்சள் நிறத்திலேயே ஒரு சிலந்தி, பூச்சி வரட்டும் என்று முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். முதல் பத்துப் படத்தில் அது இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

நேரமும் கற்றுக்கொண்டேன். பவளமல்லி விடியும் முன்பே உதிர்ந்துவிடும். அது மரத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டுமென்றால் டார்ச்சோடு போக வேண்டும். பத்துமணிப்பூ பெயருக்கேற்ப வெயில் ஏறிய பிறகுதான் விரியும். அந்திமந்தாரை சாயங்காலம். செம்பருத்தி காலையில் விரிந்தால் பெரும்பாலும் அன்று மாலையே சுருண்டுவிடும். நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிப்போட்ட பூ நாளைக்கு இருப்பதில்லை.

பூவை இப்படி நெருங்கிப் பார்த்தவர்கள் நமக்கு முன்பே நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். கும்பெனிக் காலத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தார். 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரங்களைப் பற்றி ஆறு தொகுதிகள் வெளியிட்டார், மொத்தம் 2,101 படத்தகடுகள். எல்லாம் கல்லச்சு. அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். பூவைப் பிரித்து, மகரந்தத்தாள் எத்தனை, சூலகம் எப்படி என்று பெரிதாக்கி வரைந்தார்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் வகைக்கே சூட்டினார். கேமரா இல்லாத காலத்தில் அவர்களுடைய கைதான் மேக்ரோ லென்ஸ்.

ஜெர்மனியில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்று ஒருவர். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, தானே செய்துகொண்ட கேமராவில், செடிகளின் மொட்டையும் தண்டையும் சுருளையும் பல மடங்கு பெரிதாக்கி முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தார். புகழ் தந்த புத்தகம் வெளிவந்தது 1928இல், அவருடைய அறுபதுகளில். அவர் கையில் பிடித்து எடுக்கவில்லை, அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கேமராவில் அது முடியாது. ஆனாலும் அறுபதுக்கு மேல் ஒரு மனுஷனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவரைப் பற்றிப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு விஷயம். இது போட்டோ பற்றியது இல்லை என்று சிலர் சொல்லலாம்.

போன வருடம் இதே ஹாலில் ஒரு தீர்மானம் வந்தது. கிழக்குச் சுவர் ஓரமாக 60 அடி நீளம், 8 அடி அகலத்தில் இருக்கும் தோட்டத் துண்டில் பேவர் பிளாக் பதித்து, இருசக்கர வாகனங்கள் நிறுத்தலாம் என்று. இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் மறுபடி வருகிறது. அன்று முதலில் கை தூக்கிய நாலைந்து பேரில் நானும் ஒருவன். கோடையில் லாரித் தண்ணீருக்கு நாம் கொடுத்த பில்லை நான்தான் சரிபார்த்தேன். அந்தத் துண்டை நான் ஒரு செலவுக் கணக்காக மட்டுமே பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால், "ஏதோ செடி இருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், மழை நாளும் ஊருக்குப் போன நாளும் போக, பெரும்பாலான காலைகளில் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வங்கிப் பழக்கத்தில் ஒரு பதிவேடும் வைத்திருக்கிறேன். தேதி, பூ, எந்த நேரத்தில் விரிந்தது, எந்தப் பூச்சி வந்தது. 31 வகைப் பூக்கள் அதில் இருக்கின்றன. நாம் நட்டவை பாதிகூட இல்லை. தும்பையும் நெருஞ்சியும் ஆவாரையும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வந்தவை. ஒரு தேன்சிட்டு செம்பருத்தியின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடுவதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது மாடிப் பாட்டி சாயங்காலம் அந்தத் திண்டில் வந்து உட்காருவதும், குழந்தைகள் வீட்டுப்பாடத்துக்கு இலை தேடி வருவதும் இந்த ஒரு வருடத்தில்தான் என் கண்ணில் பட்டது. அவை முன்பும் நடந்திருக்கும்.

வாகனம் நிறுத்த இடம் இல்லை என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் பழைய கதவும் உடைந்த தொட்டியும் போட்டு வைத்திருக்கும் இடத்தை அளந்து பார்த்தேன். சுத்தம் செய்தால் 14 வண்டி நிற்கும். தோட்டத்தை மூடினால் 20 வண்டி நிற்கும். வித்தியாசம் 6 வண்டி. தண்ணீருக்கு, ஏ.சி.யிலிருந்து சொட்டுவதையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் ஒரு டிரம்மில் சேர்த்தால் கோடையில் பெரும்பகுதி ஓடிவிடும் என்று தோட்டத்து அக்கா சொல்கிறார். என் வீட்டிலிருந்து தினம் ஒரு பக்கெட் நான் இறக்கித் தருகிறேன். இந்தக் கணக்கு எழுதிய தாளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேறு கணக்கு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

முடிவு உங்கள் எல்லோருடையது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, காற்று எழும்புவதற்குள், போனை எடுத்துக்கொண்டு அங்கே வாருங்கள். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டு, ஒரே ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன். வேட்டியைப் பிடித்து வெயில் மறைக்க ஆள் வேண்டுமென்றால் நானும் என் மனைவியும் இருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் தோட்டம் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கும்போது நான் தூக்குவேன். அந்தக் கை நடுங்கும். வயதின் நடுக்கம் அது, தயக்கம் என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.